அப்பா, அம்மாவோடு வெளிநாட்டில் தொழில்: யார் பெயரில், யார் முதலில்?

எந்த நாடு, என்ன தொழில், எவ்வளவு முதல் என்று பேசி முடித்த பிறகுதான் பல குடும்பங்கள் விசாவைப் பற்றி யோசிக்கின்றன. கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு இந்த வரிசை பெரிய தொல்லை தராது. அப்பாவோ அம்மாவோ கூட வருவதாக இருந்தால் தந்தே தீரும். குடியேற்றச் சட்டத்தில் ‘குடும்பம்’ என்றால் வாழ்க்கைத்துணை, வயது வராத பிள்ளைகள். பெரும்பாலான நாடுகளில் அவ்வளவுதான். பெற்றவர்கள் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. மறுபக்கமும் இதே கதைதான். அப்பா தொழில் விசா வாங்கினால், இருபத்தைந்து வயது மகளோ மகனோ அதில் ஒட்டிக்கொண்டு போக முடியாது. அமெரிக்காவின் இ-2 முதலீட்டு விசாவில் துணைக்கும் 21 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம். பிரிட்டனில் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவில் பிள்ளைகளுக்கான வரம்பு 18.

ஆகவே நீங்களும் உங்கள் பெற்றோரும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி ஆட்கள், இரண்டு தனி விண்ணப்பங்கள். எந்த வழியில் போவது என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் யாருடையது? உரிமமும் விசாவும் யார் பெயரில்? கடையில் தினமும் நிற்கப் போவது யார்? வீட்டுப் பேச்சில் மூன்றுக்கும் ஒரே ஆள் பதிலாகிவிடுகிறார்: பணம் அப்பாவுடையது, அதனால் பெயரும் அப்பாவுடையது, அதனால் அவர்தான் நிற்பார். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இந்த ‘அதனால்’களில் தொடங்குகிறது. எங்கள் கணிப்பில், தினமும் நிற்கப் போகிறவர் பெயரில்தான் உரிமம் இருக்க வேண்டும். பணம் போட்டவரின் உரிமை தனி எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறோம்.

எல்லா வழிக்கும் முன்னால்: ஒரு நோட்டப் பயணம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் மூன்று வாரம் இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வருவது, பயணச் செலவு போக, லாபம்தான். பார்வையாளர் விசாவில் எதெல்லாம் செய்யலாம் என்பதில் வீண் பயமும் இருக்கிறது, வீண் துணிச்சலும் இருக்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் வணிகப் பார்வையாளர்களைக் கூட்டங்களில் கலந்துகொள்ள, ஒப்பந்தம் பேச, கண்காட்சிக்குப் போக அனுமதிக்கின்றன. இடம் பார்க்கலாம், வாடகை பேசலாம், கணக்காளரையும் வழக்கறிஞரையும் சந்திக்கலாம். கல்லாவில் உட்காரக் கூடாது, சமையலறையில் கை கொடுக்கக் கூடாது, சரக்கு அடுக்கக் கூடாது. “சம்பளம் வாங்கவில்லையே, உறவுக்காரர் கடையில் சும்மா உதவினேன்” என்பது எடுபடாது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையைச் செய்தால் அது வேலைதான். பெட்டியில் தொழில் கருவிகளும் கைபேசியில் “வந்ததும் கடையைப் பார்த்துக்கொள்” என்ற செய்தியும் இருந்தால் எல்லை அதிகாரிக்கு அதுவே போதும். திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பயணத்தோடு முடிவதில்லை. “இதற்கு முன் அனுமதி மறுக்கப்பட்டதுண்டா” என்ற கேள்வி அதன் பிறகு பல விண்ணப்பங்களில் வரும்.

ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை விலக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். மூன்று மாதம் இருந்துவிட்டு, பக்கத்து நாட்டுக்கு ஒரு வாரம் போய் வந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பது தவறு.

அந்த மூன்று வாரத்தை எப்படிச் செலவிடுவது? பாதி நாள் தொழிலுக்கு: பார்த்து வைத்த இடத்தின் எதிரே வேலைநாளில் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை, காலை, மதியம், மாலை மணிக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இடத்தின் உரிமையாளர் சொல்லும் கணக்கும் இந்த எண்ணிக்கையும் ஒத்துப்போவது அபூர்வம். மீதி நாள் பெற்றோருக்கு. அவர்களைச் சுற்றுலா இடங்களுக்குக் கூட்டிப்போவதை விட, தனியாகப் பேருந்தில் போய் மருந்து வாங்கி வரச் சொல்வது அதிகம் தெரிவிக்கும். அவர்கள் தினமும் போடும் மாத்திரை அங்கே அதே மூலக்கூறில் கிடைக்கிறதா, மருத்துவர் சீட்டு இல்லாமல் தருவார்களா, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி மூட்டுக்கு ஒத்துவருமா என்பதெல்லாம் தாளில் தெரியாது. இரண்டாவது வாரத்தில் முகம் வாடுகிறதா என்பதையும் கவனியுங்கள். முதல் வாரம் எல்லோருக்கும் பிடிக்கும்.

முதல் வழி: இருவரும் ஒன்றாக

பெற்றோரின் கைத்தொழில்தான் வியாபாரமே என்றால் இது சரியான வழி. சமையல், தையல், நகை வேலை போன்றவற்றில் அவர் இல்லாத ஆறு மாதம் கடை திறந்திருந்தும் பயனில்லை. இருவரும் தனித்தனியே தகுதி பெற வேண்டும் என்பதுதான் இதன் கடினம். பிரிட்டனின் இன்னோவேட்டர் ஃபவுண்டர் வழியில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்து தொடங்கலாம். ஆனால் அரசு அங்கீகரித்த அமைப்பிடமிருந்து ஒவ்வொருவருக்கும் தனி ஒப்புதல் கடிதம் வேண்டும். அப்பா பெயரளவில் பங்குதாரர், திட்டம் முழுவதும் பிள்ளையுடையது என்றால் நேர்காணலில் தெரிந்துவிடும். மொழித் தேர்வும் இருவருக்கும் உண்டு. அறுபது வயதில் முதன்முறையாக எழுதுகிறவருக்கு ஆறு மாதப் பயிற்சி என்று கணக்கு வையுங்கள்.

வயதும் நேரடியாகக் குறுக்கே வரலாம். ஜெர்மனியில் சுயதொழில் அனுமதி கேட்பவர் 45 வயதைக் கடந்தவராக இருந்தால், முதுமைக்குப் போதிய ஓய்வூதிய ஏற்பாடு இருப்பதைக் காட்ட வேண்டும். கையிலிருந்த பணம் அனைத்தையும் வியாபாரத்தில் போட்டுவிட்ட அம்மாவுக்கு இதுவே சிக்கலாகும்.

செலவும் இந்த வழியில்தான் அதிகம். கடை திறக்கும் முன்பே இரண்டு பேருக்கான வாடகையும் காப்பீடும் ஓடத் தொடங்கும். திறப்பதற்கு நான்கு மாதம் என்று திட்டம் போட்டால் எட்டு மாதத்துக்கான வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் வையுங்கள். அதற்குள்ளிருந்து கடைக்கு எடுக்கக் கூடாது. எடுத்தவர்கள்தான் திறப்பு விழா நடந்த மாதமே வாடகைக்கு அலைகிறார்கள்.

இரண்டாம் வழி: பிள்ளை முன்னால், பெற்றோர் பின்னால்

பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். பிள்ளை பெயரில் விசா, நிறுவனம், வங்கிக் கணக்கு. ஆறு முதல் ஒன்பது மாதம் கழித்து, வீடும் மருத்துவக் காப்பீடும் தயாரான பிறகு பெற்றோர்.

இதற்குக் காரணம் வெளிநாட்டுத் தொழில் தொடக்கத்தில் இருக்கும் ஒரு வட்டச் சிக்கல். விசாவுக்கு இடத்தின் ஒப்பந்தம் கேட்பார்கள். ஒப்பந்தத்துக்கு இடத்தின் உரிமையாளர் உள்ளூர் வங்கிக் கணக்கு கேட்பார். வங்கி உள்ளூர் முகவரிச் சான்று கேட்கும். முகவரிக்கு விசா வேண்டும். இந்த வட்டத்தை உடைக்கப் பல முறை அலைய வேண்டியிருக்கும், ஒரே ஆள் அலைவது எளிது. வழக்கமாக உடைக்கும் இடம் இரண்டு. ஒன்று, “விசாவும் உரிமமும் கிடைத்தால் மட்டுமே செல்லும்” என்ற நிபந்தனையோடு வாடகை ஒப்பந்தம் போட்டு, அட்வான்ஸை வழக்கறிஞர் கணக்கில் வைப்பது. இரண்டு, நிறுவனத்தை முதலில் பதிவுசெய்து, கடைக்கு இடம் பிறகு பார்ப்பது. பிரிட்டனில் இயக்குநர் அங்கே வசிக்க வேண்டிய கட்டாயமில்லை. சிங்கப்பூரில் குறைந்தது ஒரு இயக்குநராவது உள்ளூர்வாசியாக இருந்தாக வேண்டும். அதற்காகக் கட்டணத்துக்குப் பெயர் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆண்டுக் கட்டணத்தை முதல் கணக்கிலேயே சேருங்கள்.

இந்த வழியின் ஓட்டை, பெற்றோர் எந்த விசாவில் வருவார்கள் என்பது. ‘அப்புறம் அழைத்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கனடாவின் சூப்பர் விசாவில் பெற்றோர் ஒரே வருகையில் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். ஆனால் அழைக்கும் பிள்ளை குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவராக இருக்க வேண்டும்; வேலை அனுமதியில் இருக்கும் புதிய தொழில்முனைவோர் அழைக்க முடியாது. வந்த பெற்றோருக்கும் கடையில் வேலை செய்ய அனுமதியில்லை. பிரிட்டனில் பெற்றோரை அழைக்கும் விதி 2012-இல் இறுகியது. அன்றாடத் தேவைகளுக்கே நீண்டகாலப் பராமரிப்பு வேண்டிய நிலையில் உள்ள பெற்றோருக்குத்தான் அந்த வழி. கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் திடகாத்திரமான அப்பா அந்த வரையறைக்குள் வரவே மாட்டார். ஐக்கிய அரபு அமீரகத்தில் பெற்றோரை அழைக்க முடியும். பிள்ளையின் சாதாரண வசிப்பு விசா எத்தனை ஆண்டுக்கானது என்றாலும் பெற்றோருக்கு ஓராண்டுதான், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஜப்பானில் உயர்திறன் நிபுணர் என்ற வகையில் இருப்பவர் மட்டும், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்ற காரணத்தோடும் வருமான வரம்போடும் பெற்றோரை அழைக்கலாம்.

சுருக்கமாகக் கேட்க வேண்டிய கேள்வி இது: பெற்றோர் அங்கே *இருக்க* வேண்டுமா, *வேலை செய்ய* வேண்டுமா? இருந்தால் போதும் என்றால் இந்த வழி. வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் முதல் வழியோ மூன்றாம் வழியோதான்.

மூன்றாம் வழி: பெற்றோர் முதலாளி, பிள்ளை ஊழியர்

பணமும் அனுபவமும் பெற்றோரிடம். பிள்ளைக்குத் தனியாகத் தொழில் விசா பெறும் அளவுக்கு வரலாறு இல்லை. அப்போது இது கவர்ச்சியாகத் தெரியும். இ-2 விசாவில் இதற்கு முறையான கதவு உண்டு: முதலீட்டாளர் நாட்டின் குடியுரிமையையே பிள்ளையும் வைத்திருந்து, மேலாளராகவோ தொழிலுக்கு இன்றியமையாத திறன் உடையவராகவோ இருந்தால் ஊழியராகத் தனி இ-2 பெறலாம். நிறுவனத்தில் குறைந்தது பாதி அந்த நாட்டவருடையதாக இருக்க வேண்டும். அந்த நாட்டுக்கு அமெரிக்காவோடு உரிய ஒப்பந்தமும் வேண்டும். இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் இருக்கிறது, இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இல்லை. அப்பா இடையில் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்து பிள்ளை வாங்காமல் இருந்தால், கதவு அங்கேயே மூடிவிடும்.

சிக்கல் இதன் அடித்தளத்தில். எல்லோருடைய விசாவும் ஒரு அறுபது வயதுக்காரரின் உடல்நிலையில் தொங்குகிறது. அவர் அறுவை சிகிச்சைக்காகச் சொந்த நாடு திரும்பி ஏழு மாதம் இருந்துவிட்டால்? அமீரகத்தில் சாதாரண வசிப்பு விசா ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் செல்லாமல் போகும். உரிமம் புதுப்பிக்கும் நாளில் கையெழுத்துப் போட அவர் இருக்க மாட்டார். இந்த வழியில்தான் போவது என்றால் முதல் நாளிலேயே பிள்ளையையும் இயக்குநராக்கி, வங்கியில் ‘இருவரில் எவரேனும் ஒருவர்’ கையெழுத்து என்று எழுதி வையுங்கள். ‘இருவரும் சேர்ந்து’ என்று போட்டு, ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போது சம்பளம் போட முடியாமல் தவிப்பது வழக்கமாக நடப்பது.

ஆள் பெயரை வாடகைக்கு வாங்கும் யோசனையும் இந்த இடத்தில்தான் முளைக்கும். தாய்லாந்தின் 1999 வெளிநாட்டார் தொழில் சட்டப்படி, பட்டியலில் உள்ள தொழில்களில் வெளிநாட்டவர் பங்கு பாதிக்குக் கீழ் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் பெயரில் 51 சதவீதம் போட்டுப் பின்னால் இருந்து நடத்துவது அங்கே குற்றம். மாட்டினால் அபராதமும் சிறையும். மாட்டாவிட்டாலும் அந்த 51 சதவீதம் சட்டப்படி அவருடையது. இரண்டில் எது மோசம் என்று சொல்வது கடினம்.

நான்காம் வழி: பெற்றோர் போகாமல் பங்கேற்பது

இதை யாரும் முதலில் சொல்வதில்லை, சொன்னால் பெற்றோரைக் கழற்றிவிடுவதாகத் தோன்றுகிறது. உண்மையில் சரக்கு அனுப்பும் தொழிலில் இதுவே வலுவானது. கொள்முதல், தரம் பார்த்தல், பொதி கட்டுதல், கப்பலேற்றும் தாள்கள் ஆகியவை சொந்த நாட்டில் தெரிந்த கையில் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை அப்பாவோ அம்மாவோ வணிகப் பார்வையாளராக வந்துபோவார். காப்பீடு பயண நாட்களுக்கு மட்டும். சொந்த மருத்துவரை இழக்க வேண்டாம். பெற்றோர் தனி நிறுவனமாக விற்று, பிள்ளையின் நிறுவனம் வாங்குகிறது என்றால், அந்த விலையை வெளி ஆளுக்கு விற்கும் விலையில் வையுங்கள். உறவுக்கு என்று குறைத்தாலோ கூட்டினாலோ இரண்டு நாட்டு வரித்துறையும் கேள்வி கேட்கும். சுங்கத்துறையும் உறவுமுறை விற்பனையா என்று பார்க்கும்.

பணத்தின் தாள்

பெற்றோர் தரும் பணம் கடனா, பங்கா, அன்பளிப்பா? மூன்றும் வெவ்வேறு தாள். அன்பளிப்பு என்று எழுதினால் திரும்பக் கேட்க உரிமையில்லை. விசா அதிகாரிகள் விரும்புவது இதைத்தான், பிள்ளையின் சொந்தப் பணமாகக் கணக்கில் வரும். கடன் என்றால் தவணை, வட்டி, எப்போது திருப்புவது என்று எழுத வேண்டும். லாபம் வராவிட்டாலும் அது கடன்தான். பங்கு என்றால் நட்டத்திலும் பங்கு. விசாவுக்கு ஒரு தாள், வீட்டுக்குள் வேறொரு வாய்ப்பேச்சு என்று வைத்துக்கொள்வதுதான் பின்னாளில் உடன்பிறந்தவர்களுக்குள் வழக்காகிறது. போகாத அண்ணனுக்கும் அக்காவுக்கும் அந்தத் தாளைக் காட்டிவிடுவது நல்லது.

பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் உட்படப் பல இடங்களில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவரை வங்கி ‘உண்மை உரிமையாளர்’ என்று கருதும். அவர் எந்த நாட்டில் இருந்தாலும் பாஸ்போர்ட், மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்று, பணம் வந்த வழி எல்லாம் கேட்கும். வீடு விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம், பணம் வரவான வங்கிப் பக்கம், வரி கட்டிய ரசீது மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாக வாங்கியிருந்தால், அந்த ரொக்கத்தை எந்த வங்கியும் ஏற்காது. கையில் எடுத்துப் போவதும் உதவாது. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ முதல் அறிவிக்க வேண்டும். அப்பா பையில் பாதி, பிள்ளை பையில் பாதி என்று பிரிப்பதை அமெரிக்கச் சுங்கம் தந்திரமாகவே பார்க்கும். சேர்ந்து வரும் குடும்பத்தின் பணத்தைக் கூட்டித்தான் கணக்கிடும். அறிவித்தால் வரியில்லை. மறைத்தால் பறிமுதல்.

வரியில் பெற்றோருக்குத்தான் அடி விழும். பல நாடுகளில் ஆண்டுக்கு 183 நாள் இருந்தால் வரிவாசி, அதாவது வரிக்கணக்கில் அந்த நாட்டில் வசிப்பவர். இந்த எண்ணிக்கைக்கு அமெரிக்கா நடப்பு ஆண்டின் நாட்களோடு போன ஆண்டில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டும். வரிவாசியாகிவிட்டால் சொந்த நாட்டு ஓய்வூதியமும் வாடகையும் புது நாட்டுக் கணக்கில் வரலாம். இரு நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால் நிலையான வீடு எங்கே, குடும்ப, பொருளாதார உறவுகளின் மையம் எங்கே என்ற வரிசையில் முடிவாகும். அதனால் சொந்த வீட்டை விற்பதா, வைத்திருப்பதா, வாடகைக்கு விடுவதா என்பதைக் கணக்காளரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

உடம்பும் ஆவணமும்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, கனடா சூப்பர் விசாவுக்கு ஓராண்டுக்குக் குறைந்தது 100,000 கனடிய டாலர். இவை விசாவுக்கான எல்லை. உங்களுக்குப் போதும் என்று பொருளில்லை. பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்ற பத்தியைத் தவிர மற்றதெல்லாம் அலங்காரம். சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் மறைத்து எடுத்த பாலிசி, மாரடைப்பு வந்த அன்று வெறும் காகிதம். கடைசியாக மாத்திரை அளவு மாறி எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் பல நிறுவனங்கள் கேட்கும். சொந்த நாட்டுக்கு நோயாளியாகவோ உடலாகவோ திரும்பக் கொண்டுவரும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று, கேட்கச் சங்கடமாக இருந்தாலும், கேளுங்கள்.

மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மூலக்கூறு பெயரும் இருக்கட்டும். ஜப்பானுக்கு ஒரு மாத அளவுக்கு மேல் மருந்து கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். தூக்க மாத்திரை, வலுவான வலி நிவாரணி போன்றவற்றுக்குப் பல நாடுகளில் தனி விதி. இன்சுலின் கைப்பையில் மட்டும். சரக்கு அறையில் உறைந்தால் அதன் பிறகு பயன்படாது.

ஆவணங்களில் அதிகம் கெடுப்பது பெயர். ஒன்றில் முன்னெழுத்து, இன்னொன்றில் விரித்து, மூன்றாவதில் குடும்பப் பெயராக மாற்றி என்றிருந்தால், பெற்றோர்–பிள்ளை உறவையே நிறுவ முடியாது. பிறப்புச் சான்றை முதலில் பாஸ்போர்ட்டுக்கு ஒத்ததாக்கிவிட்டு, ஆவணத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அரசுச் சான்றான அப்போஸ்டில் வாங்குங்கள். வாங்கிய பிறகு திருத்தினால் மறுபடியும் முதலிலிருந்து. அப்போஸ்டிலை ஏற்கும் 1961 ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் அப்போஸ்டில் போதாது, தூதரகச் சான்றொப்பம் வேண்டும், வாரக்கணக்கில் கூடுதலாகும். காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் எடுங்கள், அது சில மாதங்களில் காலாவதியாகும். பெற்றோர் பாஸ்போர்ட்டில் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பியுங்கள். பாஸ்போர்ட் முடியும் நாளிலேயே வசிப்பு அனுமதியையும் முடித்துத் தரும் நாடுகள் உண்டு.

விதிகளை விண்ணப்பிக்கும் மாதத்தில் மறுபடியும் பாருங்கள். ஜப்பானின் தொழில் மேலாளர் விசாவுக்கு நெடுங்காலம் 50 லட்சம் யென் மூலதனம் போதும் என்றிருந்தது. 2025 அக்டோபரில் அது 3 கோடி யென்னாகி, முழுநேர ஊழியர் ஒருவரும் கட்டாயமானார்.

கிளம்பும் முன் சொந்த நாட்டில் இரண்டு கையெழுத்து மிச்சம். வங்கிக்கும் வரிக்கும் சொத்துக்கும் தனித்தனியே எதற்கு அதிகாரம் என்று எழுதிய பவர் பத்திரம் ஒன்று. பெற்றோர் திரும்பிவிட நினைத்தால் அவர் பங்கை எந்தக் கணக்கில், எத்தனை தவணையில், யார் வாங்குவது என்று சொல்லும் பங்குதாரர் ஒப்பந்தம் இன்னொன்று. இரண்டாவதை அங்கே போன பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அங்கே அதை எழுத உட்காரும் நாள், பெரும்பாலும் ஒருவர் ஏற்கெனவே விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும் நாளாக இருக்கும்.